டீச்சர் என்று கூப்பிட்டால் திரும்புகிறவர்கள்

கன்னம் புடைத்திருந்தால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஒட்டிப் போயிருந்தால் கொட்டை அந்தப் பக்கம் போய்விட்டது, இடப்பக்கம் திரும்ப வேண்டும். தேவகியின் வாயில் எப்போதும் ஓர் ஆசாம்போய் கிடக்கும்; சீனக் கடைகளில் கண்ணாடிச் சாடியில் வைத்து விற்கிற, உப்பும் புளிப்புமான உலர்ந்த பிளம். சதை அரை மணி நேரத்தில் கரைந்துவிடும். கொட்டை பாடம் முடியும்வரை ஊறிக்கொண்டிருக்கும். காரின் இடது இருக்கையில் அவள், வலது இருக்கையில் ஸ்டீரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வியர்த்து வழிகிற ஏதாவது ஒரு பெண். "எந்தப் பக்கம்க்கா?" என்று அந்தப் பெண் அலறினால் பதில் வராது. கன்னம்தான் பதில்.

இதை அவள் திட்டம் போட்டுச் செய்கிறாள் என்று நினைக்க வேண்டாம். "ஐயோ, அப்படியா செய்றேன்?" என்று அவளே சிரிப்பாள். முன்னால் ஓட்டப் பழகிய பெண்கள் கண்டுபிடித்து, பின்னால் வருகிறவர்களின் காதில் போட்டு வைத்திருக்கிற ரகசியம் அது.

வண்டி ஒரு வெள்ளைக் கஞ்சில், மலேசியாவின் சின்னக் கார். கூரையில் 'எல்' பலகை, பின் கண்ணாடியில் முருகன், டேஷ்போர்டில் ஒரு துவாலைத் துண்டு. கைதுடைக்க. புக்கிட் செலம்பாவ் போகிற சாலையில் இருக்கும் ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் ஏழெட்டுப் பேர் கற்றுக்கொடுக்கிறார்கள், ஆனால் நடுவயதுப் பெண்கள் எல்லாரும் தேவகிக்காகத்தான் வரிசையில் நிற்கிறார்கள். முதல் நாள் யார் வந்தாலும் ஓட்டுநர் இருக்கையில் அவளே உட்கார்ந்துகொள்வாள். செருப்பைக் கழற்றிப் பின்சீட்டுக்கடியில் தள்ளிவிடுவாள். "இன்னிக்கு நீங்க ஓட்ட வேணாம். ரோட்டப் பாக்கவும் வேணாம். என் காலப் பாருங்க லா" என்பாள். திகாம் பத்துவரை போய்த் திரும்பி வருகிற அந்த முக்கால் மணி நேரமும் வேறு பேச்சே கிடையாது. கிளட்சிலிருந்து இடது கால் மெல்ல மேலே வரும். இரண்டாவது விரலில் போட்டிருக்கும் வெள்ளி மெட்டி ஒரு நெல் அளவு, இன்னொரு நெல் அளவு என்று உயரும். கார் ஒரு முனகல் முனகும். மெட்டி அங்கேயே நிற்கும். அவ்வளவுதான் பாடம்.

இதையெல்லாம் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்து வைத்திருப்பவர் தேவகியின் அபிமானி அல்ல. அவள்மேல் வயிறெரிகிறவர். பொறாமைக்காரரைப்போல ஒருவரை உற்றுப் பார்க்க யாராலும் முடியாது. காதலர்கள்கூட நடுவில் கண் சிமிட்டுவார்கள்.

அவர் பெயர் ஜெயந்தினி. வயது அறுபத்து மூன்று. சுங்கை பட்டாணியில் முப்பத்து மூன்று வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர், அப்பா ஆஸ்பத்திரி குமாஸ்தா, கணவர் கனகரத்தினம் அரசாங்க மருந்தாளர். நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடித்த குடும்பம். கார் ஓட்டுவது அந்த வீட்டில் ஆண்களின் வேலையாக இருந்தது. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடம், சந்தை, தேவாலயம் என்று எல்லா இடத்துக்கும் கனகரத்தினமே கொண்டுபோய் விட்டார். சர்க்கரை அவர் சிறுநீரகத்தைத் தின்று, பிறகு கண்ணையும் தொட்டது. இப்போது வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். பக்கத்து வீட்டு மனோகரன் முகம் கோணாமல் கூட்டிக்கொண்டு போகிறார். ஆனால் அவருக்கும் ஜோகூருக்கு மாற்றல் வந்துவிட்டது, இன்னும் இரண்டே மாதம். அதன்பிறகு யார்? மகள் இருப்பது ஆஸ்திரேலியாவில், பெர்த்தில். ஆகவே டீச்சர் எல் பலகைக்குக் கீழே வந்து உட்கார்ந்தார். லைசென்ஸ் அவருக்கு ஆசை அல்ல, தேவை.

வாத்தியார் பிள்ளை மக்கு என்று சொல்வார்கள். வாத்தியாரே மக்காவதை ஜெயந்தினி டீச்சர் அந்தக் கஞ்சிலுக்குள்தான் அனுபவித்தார். தேவகி காட்டிய மெட்டியை அவர் பார்த்தார்தான். ஆனால் பார்த்ததும் ஒரு கேள்வி, கேட்டதும் ஒரு குறிப்பு. இரண்டாவது நாளே கோடு போட்ட நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்தார். "கிளட்சின் தத்துவம் என்ன?" என்று கேட்டார். தேவகி கொட்டையை ஓரங்கட்டிவிட்டு, "தத்துவமா? அது மெதுவா வரும் டீச்சர். நீங்க மொதல்ல கால எடுங்க" என்றாள். நோட்டுப் புத்தகம் அன்றைக்கே பின்சீட்டுக்கடியில் செருப்போடு போய்ச் சேர்ந்தது.

அவரோடு சேர்ந்த இன்னொரு பெண் சாந்தினி, கையுறைத் தொழிற்சாலையில் வேலை. படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவள். நான்காம் நாளே பின்னோக்கி வந்து இரண்டு கம்பத்துக்கு நடுவில் காரைச் சொருகிவிட்டாள். ஜெயந்தினி டீச்சர் அதே வாரம் மூன்று கம்பங்களைச் சாய்த்தார். அந்தப் பெண்ணை மன்னித்துவிடலாம், இளவயது. தேவகியைத்தான் மன்னிக்க முடியவில்லை.

யார் இந்தத் தேவகி? டீச்சர் விசாரித்துத் தெரிந்துகொண்டார். மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்வெட்டுக்காரர்களின் மகள். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகள் இடிபட்டபோது பதினாறு வயது. அதோடு பள்ளிக்கூடத்துக்கும் முழுக்கு. பதினெட்டு வருடம் தொழிற்சாலை வேன் ஓட்டினாள். விடியற்காலை தோட்டத்துப் பெண்களை அள்ளிக்கொண்டு போய், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். இப்போது நாற்பத்தாறு வயது. ஆங்கிலத்தில் தெரிந்தது பிரேக், கிளட்ச், கியர், அப்புறம் "ரிலேக்ஸ்". இந்த "ரிலேக்ஸ்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் நூற்றுக்கணக்கான பெண்களைச் சாலையில் இறக்கிவிட்டிருக்கிறாள். ஆயிரக்கணக்கான சொற்களை வைத்துக்கொண்டு தான் என்ன செய்தோம் என்ற எண்ணம் டீச்சருக்கு வராமல் இல்லை. வந்தது. வந்ததும் துரத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பசாரில் நடந்ததைத்தான் துரத்த முடியவில்லை. தேவாலயம் முடிந்து, மீன் கடையில் நின்றுகொண்டிருந்தார். பின்னாலிருந்து, "டீச்சர்! டீச்சர்!" என்று ஒரு குரல். எத்தனை ஆயிரம் முறை கேட்ட அழைப்பு! முகத்தில் தானாக ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. எந்த வருடத்துப் பிள்ளையோ, பெயர் ஞாபகம் வர வேண்டுமே என்ற செல்லக் கவலையோடு டீச்சர் திரும்பினார். ஓடி வந்த பெண் அவர் தோளை உரசிக்கொண்டு தாண்டிப் போனாள். இரண்டு கடை தள்ளி முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், நேத்து நானே ஈப்போவரைக்கும் ஓட்டிட்டுப் போனேன் தெரியுமா! ஹைவேயில! எங்க வீட்டுக்காரரு பக்கத்துல ஒக்காந்து தூங்கிட்டாரு!" என்று பொங்கினாள். "தூங்கிட்டாரா? அப்ப நல்லாத்தான் ஓட்டிருக்கே" என்றாள் தேவகி.

ஜெயந்தினி டீச்சர் திரும்பியபோது வந்த சிரிப்பை மீன்காரனிடம் காட்டிவிட்டு, தேவையில்லாமல் இன்னும் அரைக்கிலோ நெத்திலி வாங்கினார். வயிறு எரிந்தது. சும்மா எரியவில்லை, திகுதிகுவென்று எரிந்தது. 'டீச்சர்' என்பது அவருடைய பெயருக்குப் பின்னால் முப்பத்து மூன்று வருடம் உழைத்து ஒட்டவைத்த சொல். அது ஒரு வேன்காரிக்கு எப்படிப் போனது?

ஈப்போவரை ஓட்டிக்கொண்டு போய்விட்டு அதைச் சொல்ல ஓடிவருகிற ஒரு மாணவி தனக்கு எப்போதாவது இருந்தாளா என்று அன்று இரவு முழுவதும் தேடிப் பார்த்தார். வாழ்த்து அட்டை அனுப்பியவர்கள் இருந்தார்கள்.

அந்தச் சொல்லைப் பற்றி அவருக்கு ஒரு பழைய உரிமை இருந்தது. ஒவ்வொரு வருடமும் முதல் நாள் வகுப்பில், வருகைப் பதிவு எடுத்ததும், கரும்பலகையில் 'டீச்' என்ற ஆங்கில வினையைப் பெரிதாக எழுதுவார். அழகான கையெழுத்து. பிறகு அதன் பிறப்பைச் சொல்வார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அது 'டேச்சன்' என்று ஒலித்தது. அப்போது அதன் பொருள் பாடம் சொல்வதல்ல, காட்டுவது, சுட்டுவது, வழியைக் கைநீட்டிக் காண்பிப்பது. வங்கியில் வரிசை எண் போட்டுத் தருகிறார்களே, அந்த 'டோக்கன்' இதே வீட்டுப் பிள்ளை. அடையாளம் என்று பொருள். பாடம் சொல்வதற்கு அந்தக் காலத்து ஆங்கிலேயர் வேறொரு சொல்லை வைத்திருந்தார்கள், காலப்போக்கில் அது ஒதுங்கிக்கொள்ள, காட்டுகிற சொல் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 'லேர்ன்' என்ற சொல்லையும் விடமாட்டார். அதன் வேரில் இருப்பது தடம், உழுத கோடு. முன்னால் ஒருவர் போன தடத்தில் பின்னால் ஒருவர் நடப்பது. ஒருவர் காட்டுகிறார், ஒருவர் தடம் பிடிக்கிறார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அடுத்த நாள் கேட்டால் ஒப்பிப்பார்கள். டீச்சருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒருநாள் சிவப்பு விளக்கில் கஞ்சில் நின்றிருந்தபோது, தன் இடம் எது என்று தேவகிக்குக் கொஞ்சம் தெரியட்டும் என்று தோன்றியதோ என்னவோ, அந்த முதல் நாள் பாடத்தை அப்படியே எடுத்தார். டேச்சன், டோக்கன், தடம், உழவுகோடு எல்லாம். தேவகி கொட்டையை அசைக்காமல் கேட்டாள். நிஜமாகவே கேட்டாள், கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"காட்டுறதா? ஓ!" என்றாள். பிறகு யோசித்து, "அப்ப ஸ்கூல்ல நீங்க என்னாத்தக் காட்டுவீங்க டீச்சர்?"

கிண்டலாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அது கிண்டல் இல்லை. தொழில் தெரிந்த ஒருத்தி தொழில் தெரிந்த இன்னொருவரிடம் கேட்ட கேள்வி. டீச்சர் வாயைத் திறந்தார். கரும்பலகையைக் காட்டுவேன் என்றா சொல்வது? பின்னாலிருந்த லாரி ஹார்ன் அடித்தது. "பச்ச விழுந்திருச்சு டீச்சர். ரிலேக்ஸ்" என்றாள் தேவகி. வண்டி குலுங்கி, மூச்சு முட்டி, நடுச்சாலையில் அணைந்தது.

வீட்டுக்கு வந்து கைப்பையைச் சோபாவில் எறிந்தார். "என்னைப் பார்த்து அவள் கேக்கிறாள், பள்ளிக்கூடத்திலை என்னத்தைக் காட்டுவீங்கள் எண்டு! நான் எத்தினை பிள்ளையளைப் படிப்பிச்சனான்! தேவகி ஆக்கள் படிப்பிக்கிறதைப் 'படிச்சுக் குடுக்கிறது' எண்டு சொல்லுறவை. படிச்சு என்னத்தைக் குடுக்கிறதாம்?"

கனகரத்தினம் சாய்வு நாற்காலியில், ஊசி குத்திக் கன்றிப்போன கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். கண் மங்கினாலும் வாய் மங்கவில்லை. "ஜெயந்தி, உமக்குப் பொறாமை" என்றார்.

"எனக்கா? அவளிலையா?"

"ஓம். நல்ல உறைப்பான பொறாமை. மூண்டு வாரமா எனக்குச் சாப்பாட்டோட தேவகிதான் வாறாள். அவளின்ரை மெட்டி, அவளின்ரை கொட்டை, அவளின்ரை செருப்பு. எனக்கு அவளைக் கண்ணாலை காணாமலே தெரியும்."

டீச்சர் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் உடம்பெரிச்சல்தான்.

புக்கிட் செலம்பாவ் சாலையில், எண்ணெய் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தின் முனையில், அரச மரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். தகரக் கூரை, அரிவாள், சுருட்டு, சிவப்புத் துணி. தோட்டம் விற்றுப் போய், கும்பிட்டவர்கள் டவுன் அடுக்குமாடிகளுக்குப் போன பிறகும் அவர் காவலை விடவில்லை. அந்த வழியில் போகிற தமிழ் லாரிக்காரர்களும் வேன்காரர்களும் அவரைக் கடக்கும்போது ஹார்னை இரண்டு தட்டுத் தட்டுவார்கள். தேவகியும் தட்டுவாள். யார் ஓட்டினாலும் சரி, இடது இருக்கையிலிருந்து வலது கை தானாக நீண்டு ஸ்டீரிங்கின் நடுவில் பட்பட் என்று விழும். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அடிக்கச் சொன்னதும் இல்லை.

மெதடிஸ்ட் தேவாலயத்தில் பியானோ வாசிக்கிற ஜெயந்தினி டீச்சருக்கு இது பெரிய வேடிக்கை. "சாமிக்குக் காது கேட்காதா தேவகி?" என்று முதல் தடவை கேட்டார். "கேக்கும் டீச்சர். தூங்கிட்டு இருந்தாருன்னா?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அந்தக் கை தன் நெஞ்சுக்கு முன்னால் நீண்டுவருகிற ஒவ்வொரு முறையும் டீச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டார். இதையும் சாந்தினி போன்றவர்கள் படித்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்தார். நல்ல வேளையாகத் தனக்கு அறிவு இருக்கிறது.

முதல் பரீட்சையில் டீச்சர் தோற்றார். நிலையத்துக்குள் இருக்கும் செயற்கை மேட்டில் ஏறி, மஞ்சள் கோட்டில் நின்று, மீண்டும் கிளம்ப வேண்டும். கார் கிளம்பவில்லை, பின்னால் உருண்டது. அதே நாள் சாந்தினி பாஸ். மற்ற பயிற்றுநர்களின் பெண்கள் சிலரும் தோற்று, ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். டீச்சர் அழவில்லை, குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தேவகி பக்கத்தில் வந்து நின்றாள். "அது ஒண்ணும் இல்ல டீச்சர். எங்கிட்ட வந்த பொம்பளைங்க யாரும் ரெண்டு தடவைக்கு மேல போனதில்ல. அடுத்த தடவ கண்டிப்பா பாஸ்" என்றாள்.

ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தைதான். டீச்சர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. யாருமே ரெண்டு தடவைக்கு மேல் போனதில்லையாம். என்ன ஒரு பெருமை! அன்று படுக்கையில் புரண்டபோது அந்த எண்ணம் முதன்முதலாகத் தலையைக் காட்டியது. நான் அடுத்த தடவையும் தோற்றால்? அந்த வாக்கியத்தை அவள் அப்புறம் யாரிடமும் சொல்ல முடியாதே. முப்பத்து மூன்று வருடம் படிப்பித்த ஒரு டீச்சரையே தேவகியால் ஒப்பேற்ற முடியவில்லை என்று பசார் பேசுமே.

தன் மூக்கு அறுந்தாலும் பரவாயில்லை, எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்று ஒரு பழமொழி இருக்கிறது. அது எவ்வளவு முட்டாள்தனமான பழமொழி என்பது டீச்சருக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் கனகரத்தினம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மனோகரன் கிளம்ப இன்னும் மூன்று வாரம்தான். தெரிந்தும் அந்த எண்ணம் போகவில்லை. தலையணைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

இரண்டாவது பரீட்சை ஒரு புதன்கிழமை காலை. மேடு சரியாகப் போனது. கம்பங்களும் தப்பின. அடுத்தது சாலை. பக்கத்தில் தேவகி இல்லை. போக்குவரத்து இலாகா அதிகாரி ஒருவர், மலாய்க்காரர், மடியில் மதிப்பெண் தாளும் கையில் பேனாவுமாக உட்கார்ந்தார். அவருடைய கன்னத்தில் எதுவும் தெரியவில்லை. "ஜாலான்" என்றார், போகலாம் என்று. டீச்சர் கிளம்பினார். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். கார் அன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டது. வலப்பக்கம் செம்பனைகள் ஓடின. வளைவு. அரச மரம்.

பட்பட்.

ஹார்ன் அடித்தது. அடித்த கை யாருடையது என்று டீச்சருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. தேவகியின் கை எங்கிருந்து வந்தது என்று இடப்பக்கம் பார்த்தேவிட்டார். அங்கே அதிகாரிதான் இருந்தார். ஸ்டீரிங்கின் நடுவில் இருந்தது தன்னுடைய கை. பாஸ்டரின் முகம், பியானோ, யாழ்ப்பாணத்து ரயில்வே தாத்தா எல்லாரும் ஒரேயடியாகக் கண்முன் வந்து போனார்கள். தேவையில்லாமல் ஹார்ன் அடித்தால் மதிப்பெண் போகும்.

அதிகாரி தாளில் ஏதோ குறித்தார். பிறகு, கோபம் இல்லாமல், மரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "முரிட் தேவகி, யா?" என்று கேட்டார்.

தேவகியின் மாணவிதானே?

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இந்த இடத்தில் ஹார்ன் அடிக்கிற பெண்களை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். பார்த்தமாத்திரத்தில் யாருடைய கைவேலை என்று தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் டீச்சருக்கு அது நெஞ்சில் குத்தியது. முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள்! வக்கீல் இருக்கிறான், டாக்டர் இருக்கிறாள், அமெரிக்காவில் இருக்கிறான். அவர்களில் ஒருவனை, ஒருத்தியை, எங்கோ ஒரு மூலையில் ஓர் அந்நியன் பார்த்து, "நீ ஜெயந்தினியின் மாணவிதானே?" என்று கேட்கும்படி, எதையாவது தான் விட்டுவைத்திருக்கிறோமா? தேவகியோ ஒரு வார்த்தை பேசவில்லை. சும்மா கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அது வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது, அதுவும் யார் கையில்!

கண்ணில் நீர் முட்டியது. துக்கம் இல்லை, சுத்தமான பொறாமை. தலையணைக்கடியில் படுத்திருந்த எண்ணம் எழுந்து உட்கார்ந்தது. முன்னால் முச்சந்தி, சாலையில் 'நில்' என்ற வெள்ளைக் கோடு. அங்கே முழுசாக நிற்காமல் போனால் பரீட்சை அப்போதே முடிந்தது. வண்டி இல்லை, எதிரில் ஆள் இல்லை, யாருக்கும் ஆபத்து இல்லை. நிற்க மாட்டேன் என்று ஜெயந்தினி டீச்சர் தீர்மானித்தார். தெளிவாக, மனமறிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தீர்மானித்தார். தேவகியின் மாணவி தோற்கட்டும்.

கால் கேட்கவில்லை. வலது கால் ஆக்சிலேட்டரை விட்டு மெல்ல நகர்ந்து பிரேக்கைத் தொட்டது, மிதிக்கவில்லை, தொட்டது. இடது கால் கிளட்சை அமுக்கியது. கார் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால், குலுங்காமல், பூப்போல நின்றது. தலை வலப்பக்கம் பார்த்து, இடப்பக்கம் பார்த்து, மறுபடி வலப்பக்கம் பார்த்தது. இடது கால் ஒரு நெல் அளவு மேலே வந்தது. கார் முனகியது. கால் அங்கேயே நின்றது. டீச்சரின் உடம்பு முழுவதும் தேவகியின் கட்சிக்குப் போய்விட்டது. தலை ஒன்றுதான் இந்தப் பக்கம் மிச்சம்.

அதற்கப்புறம் ஓட்டியதெல்லாம் அவருக்கு நினைவில்லை. நிலையத்துக்குள் வண்டியை நிறுத்தியபோது கை வியர்த்திருந்தது. டேஷ்போர்டில் கையை நீட்டினார், துவாலை இல்லை, இது வேறு வண்டி. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் கனகரத்தினத்தின் ஞாபகம் வந்தது. கன்றிப்போன அந்தக் கையை நினைத்தார். தான் செய்யப் பார்த்த காரியத்தை நினைத்தார். வெட்கம் காதுமடல்வரை ஏறியது. "லூலுஸ்" என்றார் அதிகாரி, தேறியதாக. ஹார்னுக்கு மட்டும் ஒரு மதிப்பெண் வெட்டியிருந்தார்.

தேவகி வேலிப் பக்கம் இன்னொரு பெண்ணுக்கு ரிவர்ஸ் காட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே புருவத்தை உயர்த்தி என்ன என்று கேட்டாள். டீச்சர் தலையை அசைத்தார். "நாந்தான் சொன்னேன்ல டீச்சர்!" என்று கத்திவிட்டு, அந்தப் பெண்ணின் கம்பம் சாயப்போவதைக் கண்டு அந்தப் பக்கம் ஓடினாள். அந்த "சொன்னேன்ல" சுருக்கென்று குத்தத்தான் செய்தது. ஒரே நாளில் எல்லாம் போய்விடுமா?

கவுன்டரில் குமாஸ்தா, ஷேவ் செய்யாத இளைஞன், பெயர் சசிதரன், ஒரு பாரத்தை நீட்டினான். "இதுல ஃபில் பண்ணிடுங்க டீச்சர், ஃபைலுக்கு வேணும்." தேதி, பெயர், அடையாள அட்டை எண். டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுதினார். அழகான கையெழுத்து, சசிதரன்கூட எட்டிப் பார்த்தான். நான்காவது கட்டத்தில் ஆசிரியர் பெயர் என்று மலாயில் இருந்தது. முப்பத்து மூன்று வருடம் வருகைப் பதிவேட்டிலும், மதிப்பெண் அட்டையிலும், பரீட்சைத் தாளிலும் அந்த வரியைக் கண்டவுடன் என்ன எழுதினாரோ அதையே எழுதினார். ஜெயந்தினி. எழுதி முடித்து, பாரத்தை நீட்டியும் விட்டார்.

சசிதரன் பார்த்தான். "டீச்சர், இங்க ஒங்க பேர எழுதிட்டீங்க. ஒங்களுக்குப் படிச்சிக் குடுத்தவங்க பேரு வேணும்."

டீச்சர் பாரத்தைத் திருப்பி வாங்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கவுன்டரில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "வேற பாரம் குடுக்கட்டா?" என்று கேட்டான் பையன்.

"வேண்டாம்" என்றார்.

தன் பெயர்மேல் ஒரே ஒரு கோடு போட்டார். நேரான கோடு, அளவுகோல் வைத்ததுபோல. அதற்கு மேலே, இருந்த சின்ன இடத்தில், தேவகி என்று எழுதினார். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு. பேனாவைக் கீழே வைக்காமல், அடிபட்ட ஜெயந்தினிக்குப் பக்கத்திலேயே, தன் கையெழுத்தைப் போட்டார்.